வாசப்படியிலிருந்து அளந்த தெரு: மதுரையில் ஒரு வாய்க்கால் ஓரச் சந்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வைகையின் வடகரையில், ஒரு காலத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் ஒன்று இப்போது கழிவுநீரைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அதன் கரையிலிருந்து பிரதான சாலை வரை மூன்று சந்துகள். மூன்றிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் வீடுகள். இடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. கரையோர வீடுகளின் நிலப் பிரச்சினை இன்னும் முடியவில்லை. பேர் போட்டு எழுதினால் யாருக்காவது சங்கடம் வரும்.

ஆண்களில் பாதிப்பேர் மாட்டுத்தாவணிப் பக்கம் சுமை தூக்குகிறார்கள், மிச்சப்பேர் பெயிண்ட் வேலை, ஆட்டோ. பெண்கள் காலையில் வீட்டு வேலைக்குப் போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். வாசல் என்றால் தெருதான். ஆகவே தெருவில் தண்ணீர் நின்றால் அன்றைய பூக்கட்டுக் கூலியும் போச்சு. இதை நாங்கள் லேட்டாகத்தான் புரிந்துகொண்டோம்.

நிலம் இரண்டு விதம். சாலைப் பக்கம் உள்ள வீடுகள் குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் வருகின்றன. தமிழ்நாடு குடிசைப் பகுதி (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் 1971-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது. இந்தச் சட்டத்தின்படி அறிவித்த பகுதியில் அடிப்படை வசதி செய்து தரச் சொல்லி மனுப் போடலாம், யாரும் பெரிதாக மறுக்க மாட்டார்கள். கரையை ஒட்டிய வரிசை வேறு கதை. அது நீர்வழிப் புறம்போக்கு. வருவாய்த் துறைக்காரர்கள் பேச்சில் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'. அங்கே பட்டா கிடையாது, கேட்கவும் முடியாது. அரசு அலுவலகங்களே பழைய கண்மாய்களின் மேல் நிற்கிற ஊர் இது. ஆனால் ஆக்கிரமிப்பு என்ற சொல் இந்த வரிசைக்குத்தான் முதலில் வந்து சேரும்.

நாங்கள் மூன்று பேர் கொண்ட ஒரு சிறு தொண்டு அமைப்பு. நான் டிப்ளமோ சிவில் படித்தவன். மற்ற இருவர் களப்பணியாளர்கள். 2021 மழைக்காலத்தில் இரண்டாவது சந்துக்காரர்கள் எங்களிடம் வந்தது தெருவுக்காக அல்ல. தண்ணீர்க் குழாயில் சாக்கடை வாடை வருகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றுதான் வந்தார்கள்.

முதலில் கண்டது

இரண்டாவது சந்து ஏறக்குறைய 110 மீட்டர் நீளம். அகலம் சில இடத்தில் பத்தடி, மிகக் குறுகலான இடத்தில் ஆறடி. இருபுறமும் சேர்த்து 38 வீடுகள். மேலே பேவர் பிளாக் பதித்திருந்தது, பார்க்க நன்றாகவே இருந்தது. வெளியூர்க்காரர் யாராவது வந்து படம் எடுத்தால் மேம்படுத்தப்பட்ட தெரு என்றுதான் போடுவார்.

குழாய்களைப் பார்க்கப் போனோம். அழுத்தம் போதாததால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் குழி தோண்டிக் குழாயை இறக்கி வைத்திருந்தார்கள். குழி ஒன்றரை அடி முதல் இரண்டடி ஆழம். குடத்தை இறக்கிப் பிடித்து, நிறைந்ததும் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டும். மதுரையில் இது புதிதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. தண்ணீர் விடும் நேரம் முடிந்து குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது குழிக்குள் தேங்கிய நீர் குழாயின் வாய் வழியாகவும் இணைப்புக் கசிவு வழியாகவும் உள்ளே இழுபடுகிறது. மறுநாள் முதல் குடத்தில் அதுதான் வருகிறது. குழிக்குள் தண்ணீர் ஏன் தேங்கியது? தெருவிலிருந்து இறங்கியது. தெருத் தண்ணீர் ஏன் வாசலுக்கு இறங்கியது? தெரு வாசலைவிட உயரத்தில் இருந்தது.

இந்தக் கடைசிக் கேள்விக்கு வந்து சேர எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. ஒரு பாட்டி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார். சந்தின் நடுப்பகுதியில் இருந்தது அவர் வீடு. உள்ளே போக நான் மூன்று படி இறங்கினேன். இறங்கும் படிகளில் ஒன்று கவிழ்த்துப் போட்ட பழைய ஆட்டுரல். நிலையில் தலை இடித்தது.

"பாத்து தம்பி. நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்த வீட்டுக்கு மூணு படி ஏறி வரணும். இப்ப மூணு படி எறங்கி வர்றீக. வீடு எங்கிட்டும் போகல, அங்கனயேதான் நிக்குது."

உள்சுவரில் காவிநிறத்தில் கிடைக்கோடுகள் தெரிந்தன, ஒவ்வொரு மழைக்கும் ஒன்றாக. கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல். டிவி பீரோவின் மேல். மாவு, அரிசி எல்லாம் பரணில். மழைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "ஐப்பசி பொறந்தா அடுப்ப கட்டில் மேல வச்சுருவேன்" என்றார்.

அளந்தபோது

சரி, அளந்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். பெரிய கருவி எதுவும் இல்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம்தான்: தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப், ஒரு சாக்பீஸ், ஒரு டேப். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து மேடு பள்ளம் தெரியும். பிரதான சாலையின் ஓரத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு 38 வாசப்படிகளையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே தெருவின் மட்டத்தையும் எடுத்தோம். டியூபின் ஒரு முனையை வீட்டுக்காரரே பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது தற்செயல்தான், எங்களுக்கு ஆள் பற்றவில்லை. ஆனால் அதன் பலன் பெரிது. தன் வாசலில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்பதை அவரவர் கண்ணாலேயே பார்த்தார்கள். அப்புறம் யாருக்கும் வரைபடம் போட்டு விளக்க வேண்டிய தேவையே வரவில்லை.

38-இல் 23 வாசப்படிகள் தெருவுக்குக் கீழே இருந்தன. நடுப்பகுதியில் அது ஒரு அடி, பாட்டி வீட்டில் 16 அங்குலம். மிச்சம் 15 வீடுகள் சமீபத்தில் கட்டியவை, அல்லது கடன் வாங்கித் தரையை உயர்த்தியவை. அவற்றில் சில தெருவைவிட ஒன்றரை அடி மேலே நின்றன. ஆக ஒரே சந்தில் இரண்டு கட்சி: தெருவுக்குக் கீழே இருப்பவர்கள், மேலே இருப்பவர்கள். கீழே இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், விதவைகள், வாடகைக்கு இருப்பவர்கள். தரையை உயர்த்தக் காசு இல்லாதவர்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

தெருவின் நடுவில் ஒரு மேடு இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாய்க்காலை நோக்கிச் சரிய வேண்டிய தெரு, பாதி வழியில் முதுகு தூக்கி நின்றது. மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குள்தான். ஒரே இடத்தில் குழி தோண்டிப் பார்த்தோம். மேலே பேவர் பிளாக், அதன் கீழ் மணல், அதன் கீழ் சிமெண்ட் கான்கிரீட், அதன் கீழ் தார், அதன் கீழ் கருங்கல் சல்லி. எட்டிப் பார்த்த ஒரு பெரியவர் ஒவ்வொரு அடுக்கையும் குச்சியால் தொட்டு, எந்தத் தேர்தலுக்கு முன்னால் போட்டது என்று வரிசையாகச் சொன்னார். அந்த இடத்தில் மட்டும் மொத்தம் 14 அங்குலம். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அது வருவதற்கு முன்பே இந்தச் சந்து உயர்ந்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மூன்று சந்துகளையும் ஒன்றாகத் தொடாமல் இரண்டாவதை மட்டும் எடுப்பது. கராச்சியின் ஓரங்கிப் பகுதியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய வேலையைப் பற்றிப் படித்திருந்தோம். அங்கே ஒரு சந்துக்குள் இருக்கும் இருபது முப்பது வீடுகளே ஒரு அலகு. சந்துக்குள் குழாய் போடுவது அவர்கள் பொறுப்பு, சந்துக்கு வெளியே பெரிய வடிகால் அரசின் பொறுப்பு. அளவு சிறிதாக இருந்தால் யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தக் காரணத்துக்காகவே சிறியதாக எடுத்தோம். முதல் சந்துக்காரர்கள் ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. அதுவும் பதிவில் இருக்கட்டும்.

இரண்டாவது, தெருவை இறக்குவது. இதில்தான் எல்லாச் சண்டையும் வந்தது. இந்தூரில் குடிசைப் பகுதிகளில் ஹிமான்ஷு பாரிக் என்ற பொறியாளர் செய்த வேலைக்கு 1998-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. தெருவை வீட்டுத் தரைக்குக் கீழே வைத்து, மழைநீர் தெருவின் மேலேயே வழிந்தோடச் செய்வது அங்கே பயன்படுத்திய உத்திகளில் ஒன்று. பிற்பாடு அங்கே பராமரிப்பு சரியில்லை என்று வந்த விமர்சனங்களையும் படித்தோம். ஆனால் மட்டம் பற்றிய யோசனை எங்கள் சந்துக்கு அப்படியே பொருந்தியது. சாலைப் பக்கம் பத்து மீட்டருக்குள் ஒரு சறுக்கலாக ஒரு அடி இறங்கி, அங்கிருந்து வாய்க்கால் வரை நூறு மீட்டருக்கு இரண்டடி என்று சரிவு வைத்தோம். நடுப்பகுதியில் தாழ்ந்த வாசப்படிகூட புதுத் தெருவைவிட ஏறக்குறைய அரையடி மேலே வரும். பெரும்பாலானவை பத்து அங்குலம் மேலே.

வீட்டை உயர்த்தியிருந்த 15 பேரில் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வட்டிக்கு வாங்கித் தரையை ஏற்றியவருக்கு, தெருவை இறக்கினால் நான்கு படி வைக்க வேண்டும், பைக்கை உள்ளே ஏற்ற முடியாது. படியைத் தெருவில் கட்டினால் ஆறடிச் சந்து நாலடியாகிவிடும். ஒருவர் நேராகவே கேட்டார்: "அவங்க வீட்ட ஒசத்திக்கிட்டா பிரச்சினையே இல்லையே, எதுக்குத் தெருவத் தோண்டணும்?" கூட்டத்தில் யாரும் பேசவில்லை. மூலையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நாரை அறுக்காமலேயே, "காச நீ குடுண்ணே, நாளைக்கே ஒசத்திருவோம்" என்றார். சிரிப்பு வந்தது. எதிர்த்தவருக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு முடிவு எட்டவில்லை. இன்னும் மூன்று கூட்டம் ஆனது. கடைசியில் உடன்பட்டது இதுதான்: யாரும் தெருவுக்குள் ஒரு அடிக்கு மேல் படி கட்டக் கூடாது, மற்ற படிகளை வீட்டுக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும், அதற்கான கொத்தனார் கூலியைத் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். பைக்குக்குத் தேவைப்படும்போது போட்டு எடுக்கிற இரும்புப் பலகை. கூட்டங்களை மாலை மூன்றரை மணிக்கு, பூக் கட்டும் நேரத்தில், பூக் கட்டும் இடத்திலேயே வைத்தோம். ஞாயிறு காலையில் வைத்த முதல் கூட்டத்துக்கு ஆண்கள் மட்டுமே வந்திருந்தார்கள்.

மூன்றாவது, வாறுகால், அதாவது கழிவுநீர் ஓடும் வடிகால், எங்கே என்பது. இரண்டு பக்கமும் வைத்தால் ஆறடிச் சந்தில் நடக்க இடமில்லை. ஆகவே நடுவில் ஒன்று. தெருவை இருபுறமிருந்தும் நடுவை நோக்கிக் குழிவாகச் சரித்து, அந்தக் குழிவின் அடியில் பத்து அங்குல அகல வாறுகால். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மூடிக்குக் கீழே போகும், மழைநீர் மேலே போகும். மூடிகள் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம்தான், இரண்டு பக்கமும் கம்பி வளையம். முன்பு சாலைப் பக்கம் இருந்த வாறுகால் மூடிகள் நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியவை, போட்ட நாளிலிருந்து ஒருவரும் திறக்கவில்லை. இரண்டு பெண்கள் தூக்க முடிந்தால்தான் மூடி, இல்லாவிட்டால் அது தளம் என்று எங்கள் களப்பணியாளர் சொன்னதை அப்படியே அளவாக எடுத்துக்கொண்டோம்.

நான்காவது, செய்ய வேண்டாம் என்று வைத்த ஒன்று. பாதாளச் சாக்கடை பிரதான சாலையில் போகிறது. தெருவைத் தோண்டும்போதே அதையும் இணைத்துவிடலாமே என்று எல்லோருமே கேட்டார்கள். கணக்குப் போட்டால், தெரு வாய்க்காலை நோக்கி இறங்குகிறது, சாக்கடைக் குழாயோ எதிர்த்திசையில் சாலைக்குப் போக வேண்டும். சாலைப் பக்கம் வரும்போது குழாய் எட்டடிக்கு மேல் ஆழத்தில் இருக்கும். இரண்டடி அஸ்திவாரத்தில் மண்சாந்து வைத்துக் கட்டிய வீடுகளுக்கு நடுவே எட்டடிப் பள்ளம் தோண்டத் துணியவில்லை. கழிப்பறைகள் பழையபடி உறை இறக்கிய குழிகளிலேயே இருக்கின்றன. இந்த முடிவில் எனக்கு இன்றும் திருப்தி இல்லை, வேறு வழியும் அப்போது தெரியவில்லை.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டத்தில் போனோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மிச்சம் அரசு. வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று நான்கு தவணையாக வசூல், எங்கள் பங்கில் பற்றாக்குறையை ஒரு நன்கொடையாளர் கொடுத்தார். கரையோர வரிசையின் ஏழு வீடுகளைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. மதிப்பீட்டில் சேர்த்தால் கோப்பு நிற்கும். சேர்க்காவிட்டால் தெரு அவர்கள் வாசலுக்கு ஐம்பதடி முன்னாலேயே முடியும். தெருவும் வாறுகாலும் வாய்க்கால் வரை போகும், அது வடிகாலுக்குத் தேவை என்று எழுதினோம். அந்த ஏழு வீடுகளும் அந்த வடிகாலின் இருபுறமும் இருந்தன, அவ்வளவுதான். அவர்களும் 2,000 கொடுத்தார்கள். நகருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் தருகிறோம், போய்விடுங்கள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்க்கப்பட்டவர்கள் அவர்கள். ரசீதைப் பத்திரமாக மடித்து, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அந்த ரசீது எந்த உரிமையையும் தராது என்று நாங்கள் விளக்கிச் சொன்னோம். "தெரியும் சார், இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள்.

வேலை நடந்த நாட்கள்

2023 மாசியில் தோண்ட ஆரம்பித்தோம். கையால்தான்; ஜேசிபி நுழைய இடமில்லை. உடைத்த கான்கிரீட்டைச் சித்தாள்கள் தலையில் சுமந்து சாலைக்குக் கொண்டுவர வேண்டும். நினைத்ததைவிட இருமடங்கு நாள் ஆனது.

இரண்டாவது வாரத்தில் பெரிய தவறு நடந்தது. தவறு எங்களுடையது, என்னுடையது என்றே சொல்ல வேண்டும். வேலையை வேகப்படுத்த ஒரு பக்கத்துச் சுவரை ஒட்டி முப்பதடிக்கு ஒரே நீட்டாகத் தோண்டவிட்டேன். அன்று இரவு எதிர்பாராத கோடை மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழே மண் சரிந்து, முன்சுவரில் மேலிருந்து கீழ் வரை விரல் நுழைகிற அளவு விரிசல். அந்த வீட்டில் ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கிற மகளும். யாருக்கும் அடி இல்லை. மூன்று வாரம் எதிர்வீட்டில் தங்கினார்கள். செமஸ்டர் பரீட்சையை மகள் அங்கிருந்தே எழுதினாள். சுவருக்குக் கீழே துண்டு துண்டாகக் கான்கிரீட் கொடுத்து, முன்சுவரைப் புதிதாகக் கட்டித் தந்தோம், செலவு எங்கள் அமைப்பின் மேல்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். எட்டடித் துண்டு தோண்டுவது, அடுத்த எட்டடியை விட்டுவிடுவது. தோண்டியதற்குச் சுவரோரமாக ஒரு அடி அகலக் கான்கிரீட் கரை கட்டி, அது இறுகிய பிறகே விட்ட துண்டைத் தொடுவது. கொத்தனார் இதை முதலிலேயே சொன்னார். அஸ்திவாரத்தை வெறுமனே விட்டுவிட்டு இரவு தூங்கக் கூடாது என்றார். மாசி மாதம் மழை எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

சித்திரைத் திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை கொத்தனாரும் நிமிந்தாளும் சித்தாளும் யாரும் வரமாட்டார்கள், அது தெரிந்ததுதான். தெரு பாதி தோண்டிய நிலையில் பத்து நாள் கிடந்தது. அந்தப் பத்து நாளில் ஒரு மரணம் வேறு. பாடை எடுத்துப் போகப் பலகை போட்டுப் பாதை செய்தார்கள். அதுவரை வேலையை ஆதரித்த சிலர் அன்றைக்கு எங்களை ஏசினார்கள், நின்று கேட்டுக்கொண்டோம்.

தளம் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். சறுக்கலின் தலையில் நின்று பத்துக் குடம் தண்ணீரை ஊற்றி, போகிற வழியைப் பார்த்தோம். முக்கால் வழி நன்றாக ஓடியது. பிறகு இடதுபுறம் ஒரு வீட்டு முன்னால் கொஞ்சம் நின்றது. நான் கவனிக்கவில்லை. தேர்தல் அடுக்குகளை எண்ணிக் காட்டிய அதே பெரியவர், "அங்கிட்டு நிக்குது பாருங்க" என்றார். அரை அங்குலக் குறை. கான்கிரீட் போட்ட பிறகு கண்டிருந்தால் ஆண்டாண்டுக்கும் அங்கே தண்ணீர் நின்றிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு முப்பதடிக்கும் குடத்தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே கான்கிரீட் கலந்தோம்.

பின்னால் வந்தது

ஆனி மாதம் வேலை முடிந்தது. முதல் மாற்றம் குழாயில் தெரிந்தது, நாங்கள் அதைத் திட்டமிடவே இல்லை. தெரு இறங்கிய அளவுக்குக் குழாய்க்குழியும் ஆழம் குறைந்தது. புதுத் தரைக்கு மேலே சிறு மேடை கட்டிக் குழாயை நிறுத்தினாலும் தண்ணீர் வந்தது. 38-இல் 31 வீடுகள் குழியை மூடிவிட்டன. சாக்கடை வாடை நின்றது.

2023 மழைக்காலத்தில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. பாட்டி கட்டிலுக்கடியில் இருந்த செங்கல்லை எடுக்கவில்லை. இன்னொரு வருசம் பார்ப்போம் என்றார். அவர் சொன்னது சரியாகப் போயிற்று, அவர் வீட்டில் அல்ல, வாய்க்கால் பக்கத்தில்.

2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் பெய்த மழையைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பிற்பகல் மூன்று மணியை ஒட்டிக் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. கொட்டியது. செல்லூர், பந்தல்குடி கால்வாய்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் சந்தில் மேலிருந்து வந்த மழைநீர் நினைத்தபடியே நடுக்குழிவில் ஓடி இறங்கியது. ஆனால் வாய்க்கால் நிரம்பியதும் கதை மாறியது. இறங்கிய தண்ணீர் திரும்பி ஏறியது. வாறுகாலின் வாய் வழியாகவே வாய்க்கால் நீர் தெருவுக்குள் வந்தது. கரையோர ஏழு வீடுகளுக்கும் அதை அடுத்த நான்கு வீடுகளுக்கும் உள்ளே புகுந்தது. அந்தப் பதினொன்றில் நான்கு, தெரு இறங்குவதற்கு முன் இந்த மாதிரி வெள்ளத்தில் தப்பியிருக்கக்கூடிய வீடுகள். இதை மறைக்க வழியில்லை. நடுப்பகுதி நனையாமல் இருந்தது. கீழ்முனையில் நாங்கள் வாய்க்காலுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

அந்த வாரமே வாறுகாலின் வாயில் ஒரு தொங்கு கதவு பொருத்தினோம். வெளியே போகும் தண்ணீர் தள்ளினால் திறக்கும், வாய்க்கால் நீர் ஏறினால் தானே மூடும். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் வேலை. இடுக்கில் பிளாஸ்டிக் பை சிக்கினால் மூடாது. கரையோர வீட்டு இளைஞர் ஒருவர் மழைக்காலத்தில் தினமும் போய்ப் பார்க்கிறார்.

மற்றவை சுருக்கமாக. மூடி திறந்து வாறுகால் அள்ளும் முறைவரிசை நான்கு மாதம் ஓடியது, பிறகு படுத்துவிட்டது. மேல்முனை வீட்டுக் குப்பையைக் கீழ்முனைக்காரர் அள்ளுவதா என்பது சண்டை. இப்போது துப்புரவுப் பணியாளர் வரும்போது வீட்டுக்கு ஒருவர் மூடியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள், அந்த அளவுக்கு ஓடுகிறது. இரண்டு பேர் பேச்சை மீறித் தெருவுக்குள் இரண்டடிப் படி கட்டினார்கள். ஒன்று இடிபட்டது, ஒன்று இன்னும் நிற்கிறது.

வாடகை ஏறியது. சந்தில் ஒன்பது வாடகைக் குடும்பங்கள் இருந்தன. 2,500 ரூபாய் கொடுத்தவர்களிடம் ஒரு வருடத்துக்குள் 3,500 கேட்டார்கள். நான்கு குடும்பங்கள் வெளியேறின. டியூபின் மறுமுனையைப் பிடித்து நின்றவர்களில் அவர்களும் உண்டு.

திரும்பச் செய்தால்

வாய்க்காலிலிருந்து ஆரம்பிப்பேன். வாய்க்கால் அதிகபட்சம் எவ்வளவு ஏறியது என்று கரையோரக்காரர்களிடம் நாங்கள் கேட்டோம், ஒரு துவைகல்லைக் காட்டினார்கள். அது சமீப வருடங்களின் அடையாளம். 1993-இல் வைகை பெருகியபோது எங்கே நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. வயதானவர்களிடம் பழைய வெள்ளக்குறியைக் கேட்டு, அதற்கு மேலே வடிகாலின் வாயை வைக்க முடியுமா, முடியாவிட்டால் தொங்கு கதவு முதல் நாளிலேயே உண்டா என்று பார்த்த பிறகே மேலே வருவேன். கீழ்முனையில் தெருவை இறக்கும் அளவையும் குறைத்திருப்பேன். அங்கே இறக்கத் தேவை இல்லாத இடத்திலும் சரிவுக்காக இறக்கினோம்.

அஸ்திவாரத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு குழி போட்டுப் பார்த்துவிட்டுத் தோண்டுவேன். வாசப்படி மட்டத்தை மேலிருந்து எடுத்தோமே தவிர, சுவர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று எடுக்கவில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் விஷயத்தில் எங்களுக்கு அதிகாரம் இல்லைதான். ஆனாலும் படி வெட்டும் கூலியைத் திட்டத்திலிருந்து கொடுத்தபோது, அதை வாங்கிய வீட்டு உரிமையாளர்களிடம் இரண்டு வருடம் வாடகை ஏற்றுவதில்லை என்று ஒரு பேச்சு வைத்திருக்கலாம். கையில் பணம் இருந்த நேரம் அது ஒன்றுதான், அப்போது கேட்டிருந்தால் சிலராவது ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் சந்துக்காரர்கள் இந்தத் தையில் வந்தார்கள். திட்டம் எதுவும் கேட்கவில்லை. டியூப் மட்டத்தை இரண்டு நாள் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தோம். இப்போது அந்தச் சந்தின் சுவர்களில் சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. மேலே ஏற்கெனவே இன்னொரு தளம் போட டெண்டர் ஆகிவிட்டது என்று கேள்வி. கோடுகளைப் படம் எடுத்து மனுவோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.